ஒத்திகையில் அறுபடாத கம்பி

இறம்பொடையில் எங்கள் வீட்டுக்குக் கீழுள்ள நாற்றுமேடையில், ஓரிலையோடு வெட்டிய தேயிலைத் துண்டுகளைப் பைகளில் நட்டு, நிழற்பந்தலின் கீழ் மாதக்கணக்கில் பேணி, பின்பு பந்தலைச் சிறுகச் சிறுகத் திறந்து வெயிலும் காற்றும் பழகிய பிறகே மலைக்கு ஏற்றுகிறார்கள். பந்தலுக்குள் பசுமையாக நின்ற கன்று வெட்டவெளியிலும் நிற்குமென்று எந்தக் கங்காணியும் அனுமானித்துக்கொள்வதில்லை.

2022 ஜூலை 8ஆம் திகதி மாலை, ரொறன்ரோவிலிருந்து நாள் தவறாமல் பேசும் என் தங்கையின் அழைப்பு வராதபோது, எரிபொருள் வரிசைகளில் தத்தளித்த நம் நாட்டின் கோளாறு என்றே எண்ணினேன். அவளோ அந்நேரம், வங்கி அட்டை வேலைசெய்யாமையால் குழந்தைக்கு எடுத்த பாலைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமொன்று தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்து வருகையில், அன்று ஆறாம் கட்டத்தில் வழித்தகவலை மட்டுப்படுத்தும் வடிகட்டி ஒன்று நீக்கப்பட, தகவல் வெள்ளமாய்ப் பெருகி மைய ரவுட்டர்களை நிலைகுலையச் செய்தது. 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொடர்பிழந்தனர், 911 என்ற அவசர எண்கூடப் பலருக்குக் கிட்டவில்லை. ஆரம்பத்தில் பேரபாயம் உள்ளதாக வகுக்கப்பட்ட அப்பணி, முந்திய கட்டங்கள் சுபமாக முடிந்தனவென்பதாலேயே சிற்றபாயமாகக் குறைத்து மதிக்கப்பட்டதைப் பிற்பாடு வந்த ஆய்வறிக்கை எடுத்துக்காட்டிற்று.

ரவுட்டர்களின் மென்பொருளையே கணினிக்குள் ஓடவிட்டு, மெய்யான வலையமைப்பின் பிரதிபிம்பமொன்றை எழுப்பி, மாற்றத்தை முதலில் அதன்மேல் பிரயோகித்துப் பார்க்கும் வசதி இன்று கைக்கெட்டியதாகவே உள்ளது. செலவும் காலமும் வீணென்று சொல்வோர் உண்டு. அந்த ஒருநாள் நட்டத்தின் முன் அவ்வாதம் நில்லாது.

என்னை வாட்டுவது வேறொன்று. பிரதிபிம்பத்தில் பரீட்சிக்கும் பொறியியலாளர் அதற்கு வெளியே, அறுபடாத கம்பியொன்றின் முனையில் அமர்ந்திருக்கிறார். ஆதலால் எத்தனை முறை அது சரிந்தாலும் அவர் உள்ளே சென்று திருத்திவிடுகிறார். ரொறன்ரோவில் அந்தக் கம்பியும் சரிந்த வலையமைப்பின் ஊடாகவே சென்றது. ஊழியர்களின் தொலைபேசிகளும் அதனையே நம்பியிருந்தன. ஒருவரோடொருவர் பேசுவதற்கே பிற நிறுவனங்களின் சிம் அட்டைகளை அனுப்பவேண்டியிருந்தது. காரணத்தைக் கண்டறிய ஏறக்குறைய 14 மணி நேரம் சென்றது. ஆகவே ஒத்திகை பார்ப்போர், வடிகட்டியைத் தொடுமுன்னர், தம் மேசைக்கு வரும் கம்பியை முதலில் பிடுங்கிவிட்டு, எந்த வழியாய் உள்ளே போவதென்று தேடிப் பார்க்கட்டும்.