அலைவரிசை இங்கே, முதலாளி எங்கே?

தூத்துக்குடிக்காரர்களுக்கு ரேடியோ என்றாலே பெரும்பாலும் வெளியூர்க் குரல்தான். ஒரு காலத்தில் கொழும்பு பேசியது. பிறகு திருநெல்வேலி பேசியது. இன்று பண்பலையைத் திருகினால், பேசுகிறவர் இங்கே பாளையங்கோட்டை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாரா, சென்னையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. ஊரில் துறைமுகம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, உப்பளமும் மக்ரூனும் இருக்கின்றன. அலைவரிசைக்கும் பஞ்சமில்லை. ஊர் நடப்பை ஊர்க்காரரே வாய்விட்டுச் சொல்லும் ரேடியோவுக்குத்தான் பஞ்சம். இது தற்செயலாக வந்ததல்ல. யார் நிர்வாகம், யார் கையில் காசு, டெல்லியில் என்ன விதி என்ற மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய நிலை.

கதை அக்கரையில் தொடங்குகிறது. 1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியது. மத்திய அலை தரையைவிட உப்புத் தண்ணீரின் மேல் நெடுந்தூரம் போகும். இடையில் மன்னார் வளைகுடா மட்டுமே என்பதால் முத்துநகர்க் கரைக்குக் கொழும்பு பக்கத்து வீடு போலக் கேட்டது. அந்த நேரம் பார்த்து இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானியும் ஓங்க, சினிமாப் பாட்டு ஒதுங்கியது. நேயர்கள் மொத்தமாகக் கொழும்புக்குப் போனார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் தென்தமிழ்நாட்டில் நடிகர்களின் பெயர்களுக்குச் சமமாகப் புழங்கின. போன நேயர்களைத் திரும்ப அழைக்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதி வந்தது. அதில் விளம்பரம் வர மேலும் பத்து ஆண்டு ஆனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழும்பு ஓடியதும் விளம்பரக் காசில்தான். சோப்பும் தைலமும் விற்றுக்கொண்டேதான் அந்த அறிவிப்பாளர்கள் புகழ்பெற்றார்கள். ஆகவே 'விளம்பரம் வந்தது, ரேடியோ கெட்டது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. அங்கே விளம்பரதாரர் காசு கொடுத்தது ஒரு மனிதரின் குரலுக்கு. அந்தக் குரலை வளர்த்து வைத்துக்கொள்வது நிலையத்துக்கு லாபமாக இருந்தது. இன்றைய கணக்கு வேறு.

திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பர் 1 அன்று வந்தது. தாமிரபரணிக் கரையின் பேச்சு முதன்முறையாக அரசாங்கப் பெட்டியில் கேட்டது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் ஒரு நிலையம் திறந்தார்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். ஒரு மாவட்டம், அதன் பேச்சு, அதன் விவசாயி, அதன் மீனவர் என்பதே திட்டம். தூத்துக்குடிக்குக் கிடைத்ததோ வேறொன்று: 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி. நாகர்கோவிலின் பண்பலைக் கருவி வெறும் 10 கிலோவாட்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பிரம்மாண்டம் புரியும். ஆனால் அந்த ராட்சதக் கருவியை நிறுவியதன் முக்கிய நோக்கம் இலங்கைக்கான வெளிநாட்டுச் சேவை. கொழும்பு ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பேசியதற்கு டெல்லி சொன்ன பதில் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஊரிலேயே பெரிய ரேடியோ ஊருக்காகப் பேச வைக்கப்பட்டதல்ல.

1997 நவம்பரில் வானொலியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் போயின. தன்னாட்சி என்றது சட்டம். சம்பளமும் மானியமும் மத்திய அரசிடமிருந்தே வந்தன. 'நீங்களே சம்பாதியுங்கள்' என்ற நெருக்கடி கூடியது. ஓய்வு பெற்ற நிரந்தர அறிவிப்பாளர்களின் இடம் பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. வேலையைச் சுமப்பவர்கள் தற்காலிக அறிவிப்பாளர்கள். மாதத்துக்கு ஆறு பணி, பணிக்கு இவ்வளவு என்று கூலி. பல ஆண்டு பேசியும் நிரந்தரம் ஆகாதவர்கள் நாடெங்கும் வழக்கும் போராட்டமும் நடத்தினார்கள். உள்ளூர் நிகழ்ச்சி தயாரிக்க ஆள் இல்லாத நிலையத்தில் மிச்சமிருக்கும் எளிய வழி, வேறு ஊர் நிகழ்ச்சியை அப்படியே அஞ்சல் செய்வது. போதாக்குறைக்கு, மின்சாரச் செலவைக் காரணம் காட்டி நாட்டின் பல இடங்களில் மத்திய அலைக் கருவிகளை மூடி, பண்பலைக்கு மாறுகிறார்கள். பாட்டு கேட்க பண்பலை அருமையானது. ஆனால் அது ஏறக்குறைய கண் பார்வைத் தூரத்துக்குத்தான் போகும். கரையிலிருந்து வெகுதூரம் போய்த் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுக்கு எட்டுவது மத்திய அலைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததன் விலை எவ்வளவு என்று இந்தக் கரைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி தனியார் பக்கம். மத்திய அரசு முதல் கட்டமாக 108 அலைவரிசைகளை ஏலம் விட்டது. கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்ற விதியைப் பார்த்துப் பலர் ஓடிவிட்டார்கள். 12 நகரங்களில் 21 நிலையங்கள்தான் ஒலித்தன. அந்தப் பன்னிரண்டில் திருநெல்வேலியும் ஒன்று. 2005-ல் இரண்டாம் கட்டக் கொள்கை வந்தது: நுழைவுக் கட்டணம் ஒருமுறை, பிறகு வருமானத்தில் 4 சதவீதம். இந்தக் கட்டத்தில்தான் தூத்துக்குடிக்குத் தனியார் பண்பலை வந்தது. சன் குழுமத்தின் சூரியன் எஃப்.எம். 93.5-லும், தினத்தந்தி குடும்பத்தின் மலர் பப்ளிகேஷன்ஸ் நடத்தும் ஹலோ எஃப்.எம். 106.4-லும் ஒலித்தன. சி.பா.ஆதித்தனார் பிறந்த காயாமொழி இதே மாவட்டத்தில், திருச்செந்தூர் பக்கம் என்பதால் இரண்டாவது நிலையத்துக்குப் பூர்வீக உரிமை கொஞ்சம் உண்டு என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். நிர்வாகத் தலைமை என்னவோ இரண்டுக்கும் சென்னைதான்.

தலைமை தொலைவில் இருப்பதால் என்ன ஆகும்? 2015-ல் சன் குழுமத்துக்கு உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு அனுமதி மறுத்தது. குழுமம் சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் ஏலத்தில் கலந்துகொண்டது. வடக்கே ரிலையன்ஸின் பிக் எஃப்.எம். 58 நிலையங்களோடு 2023-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024-ல் சஃபையர் மீடியா என்ற நிறுவனத்தின் கைக்கு மாறத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. டெல்லி அலுவலகத்திலோ மும்பைத் தீர்ப்பாயத்திலோ ஒரு கையெழுத்து விழுந்தால், எங்கோ ஒரு சிறிய ஊரின் காலை நிகழ்ச்சி மாறும் அல்லது நிற்கும்.

சிறிய ஊர் நிலையத்தின் வரவு செலவைப் பார்த்தால் நெருக்கடி விளங்கும். ரேடியோவில் சரக்கு என்பது பத்து வினாடி. அரசு விளம்பரத்துக்கு அடிப்படை விலை பத்து வினாடிக்கு 52 ரூபாயாக இருந்து 2023-ல் 74 ஆனது. சின்ன ஊரில் தனியார் கடைக்காரரிடம் அதைவிட அதிகமாகக் கேட்பது கடினம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், பனிமய மாதா திருவிழா என்று வந்தால் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கை கொடுக்கும். மற்ற மாதங்களில் விற்பனைப் பிரிவு ஆள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். சில நேரம் காசுக்குப் பதில் குக்கரும் பரிசுக் கூப்பனும்தான் கிடைக்கும். அதுவே அடுத்த வாரப் போட்டியில் நேயருக்குப் பரிசாகப் போகும். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டியவை தனி: அரசுக்கு உரிமக் கட்டணம், டவர் வாடகை, கரண்ட் பில், பாட்டுக்கான காப்புரிமைத் தொகை. உரிமக் கட்டணத்தில் இன்னொரு கொக்கி உண்டு. வருமானத்தில் 4 சதவீதம், அல்லது நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. வியாபாரம் படுத்தாலும் கட்டணம் படுக்காது. 2019-ல் சுமார் 3,100 கோடி ரூபாயாக இருந்த இந்திய ரேடியோ வருமானம், கொரோனா வந்த 2020-ல் பாதிக்கும் கீழே விழுந்தது.

இப்படிப்பட்ட கணக்கில் முதலில் வெட்டு விழுவது மனிதர்கள் மேல்தான். இரண்டாம் கட்ட விதிப்படி சிறிய நகரங்களுக்கு மட்டுமே ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்ப அனுமதி இருந்தது. 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு கம்பெனி தன் நிலையங்களை நாடு முழுக்கவே இணைத்துக்கொள்ளலாம் என்றது. காலையில் உள்ளூர் ஆர்.ஜே. இரண்டு பேர், மற்ற நேரம் தலைமையிலிருந்து வரும் நிகழ்ச்சி, இரவில் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திய பாட்டு என்பது தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஒரே அறிவிப்பாளர் மதியத்துக்குள் நாலு ஊருக்கான பேச்சைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாட்டு முடிந்ததும் சரியாக 'ஹாய்' சொல்வதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பணம் மட்டும் காரணம் என்றால் மன்னித்துவிடலாம். விதியும் கையைக் கட்டியிருக்கிறது. இந்தியாவில் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. செய்திச் சேனலுக்கும் பத்திரிகைக்கும் யூடியூபுக்கும் இல்லாத இந்தத் தடை ரேடியோவுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு வழக்குகூடப் போனது. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதோ 1995-லேயே.

இந்தத் தடையின் பொருள் என்ன என்பதைத் தூத்துக்குடி 2018 மே 22 அன்று பார்த்தது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. எந்தத் தெருவில் நடமாடலாம், எந்த ஆஸ்பத்திரியில் யார் என்று மக்கள் தவித்த அந்த நாட்களில், ஊருக்குள்ளேயே ஸ்டூடியோ வைத்திருந்த தனியார் பண்பலைக்குத் தன் நிருபரை அனுப்பித் தகவல் சேகரித்துச் சொல்ல சட்டத்தில் இடமில்லை.

அடுத்த சோதனை 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றுதான் இப்படிப்பட்ட நேரத்துக்கான கருவி. வானிலையும் பேரிடர் அறிவிப்பும் விதிப்படி 'செய்தி' ஆகாது. தனியார் நிலையம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு நிலையத்தில் ஆள் வேண்டுமே. எந்த வாய்க்கால் உடைந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடமே உண்டு. 1996 சட்டம் உடைமை வரம்பைத் தளர்த்தியதும் கிளியர் சேனல் என்ற கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. 2002 ஜனவரி 18 நள்ளிரவுக்குப் பின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரில் சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா கசிந்தது. ஊரின் ஆறு வணிக நிலையங்களும் அந்த ஒரே கம்பெனி கையில் இருந்தன. போலீஸ் போன் அடித்தும் நிலையத்தில் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கருவியை போலீஸ்தான் சரியாக இயக்கவில்லை என்று கம்பெனி பதில் சொன்னது. இந்தியாவில் ஒரு ஊரின் அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒருவரே வைத்திருக்கக் கூடாது என்ற விதி இருப்பது நல்லது. ஆனால் நிலையத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பதை அந்த விதி பார்த்துக்கொள்ளாது.

மாற்று வழி இதே வளைகுடாவில் வடக்கே இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலி. அலை உயரம், காற்று, மீன் விலை, கடல்பசு பாதுகாப்பு என்று பேசுவது அந்தக் கரையின் பிள்ளைகள். சமுதாய வானொலிக்கு 100 வாட்தான் அனுமதி. ஊரைத் தாண்டினால் சத்தம் கரையும். வருமானமும் அப்படியே. மணிக்கு 7 நிமிடம் என்றிருந்த விளம்பர வரம்பை 2024 பிப்ரவரியில் 12 நிமிடமாக உயர்த்தினார்கள். பத்து வினாடிக்கு 74 ரூபாய் வீதம் 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். எந்தச் சமுதாய வானொலிக்கும் முழுதாக நிரம்பாது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அறக்கட்டளைப் பணமும் உழைக்கும் இளைஞர்களின் பொறுமையும்தான் மிச்சத்தைத் தாங்குகின்றன.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் இரண்டு நல்ல பரிந்துரைகள் செய்தது. உரிமக் கட்டணத்தை நுழைவுக் கட்டணத்தோடு முடிச்சுப் போடாமல் வருமானத்தில் 4 சதவீதமாக மட்டும் வாங்க வேண்டும் என்பது ஒன்று. தனியார் பண்பலை மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லலாம் என்பது மற்றது. முதலாவது கஜானாவுக்கு உறைக்கும், இரண்டாவது அதிகாரத்துக்கு உறைக்கும். அரசு அடுத்த ஆண்டு 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. செய்திக்கான தடையை எடுக்கவில்லை.

மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய நிலையங்களின் பதினைந்து ஆண்டு உரிமம் 2030 மார்ச்சோடு முடிகிறது. அதற்கான விதிகள் இப்போதிலிருந்தே எழுதப்படும். கட்டணத்தைக் குறையுங்கள், பதிலுக்கு ஒவ்வொரு நிலையமும் தினமும் இத்தனை மணி நேரம் அந்த ஊர் ஸ்டூடியோவிலிருந்து அந்த ஊர் ஆளை வைத்துப் பேசட்டும், புயல், வெள்ளக் காலத்தில் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்கட்டும், ஊர்ச் செய்தியும் சொல்லட்டும். இந்த நான்கையும் தூத்துக்குடி, நெல்லை, குமரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் நேயர்கள்.