தீ கேட்கும் செடி

துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி எல்லாம் ஒரே குடும்பம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாகத் தட்டுப்படும். இக்குடும்பத்தைச் சேர்ந்த டைசெராண்ட்ரா ஃப்ரூட்டெசென்ஸ் என்ற காட்டுச் செடி, உலகத்திலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு மணல் மேட்டில் மட்டும்தான் இருக்கிறது. முழங்கால் உயரம், ஊசி போன்ற இலை, ஊதாப் புள்ளியிட்ட வெளிர்நிறப் பூ.

லேக் வேல்ஸ் மேடு என்று அதற்குப் பெயர். கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில் தீவுகளாக நின்ற மணற்குன்றுகள். தனித்து நின்றதால் வேறெங்கும் இல்லாத செடிகொடிகள் அங்கே தோன்றின. தண்ணீர் தேங்காத உயர்ந்த நிலமாயிற்றே! ஆரஞ்சுத் தோட்டக்காரர்களும் வீடு கட்டுவோரும் விட்டுவைப்பார்களா? பெரும்பகுதி போய்விட்டது. தப்பிய இடங்களில் ஒன்று ஆர்ச்போல்டு உயிரியல் நிலையம். அந்த நிலத்தை 1941-இல் ரிச்சர்டு ஆர்ச்போல்டு என்பவருக்குக் கொடுத்தவர், புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங்கின் மகன். பாலம் கட்டியவர் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கார்னெல் பல்கலைக்கழகப் பூச்சியியல் அறிஞர் தாமஸ் ஐஸ்னர் அங்கே இச்செடியின் இலைகளில் பூச்சிக்கடி அநேகமாக இல்லாததைக் கவனித்தார். இலையைக் கசக்கினால் புதினா வாசனை தூக்கி அடிக்கிறது. அதிலுள்ள எண்ணெயை ஆராய்ந்ததில் டிரான்ஸ்-புலிகால் என்ற பொருள் கிடைத்தது. எறும்புகள் அதன் பக்கமே வருவதில்லை. 1990-இல் இதை வெளியிட்டார்கள். (அப்படியும் ஓர் அந்துப்பூச்சியின் புழு மட்டும் இந்த இலையையே தின்று வாழ்கிறது. எந்தப் பூட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி உண்டு போலும்.)

1985-லேயே அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்துவிட்டது. வேலி போட்டு, தீ அண்டாமல் காத்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். தீப்பட்டால் வளர்ந்த செடி செத்துப்போகும், வேரிலிருந்து துளிர்க்காது. ஆனால் மணலில் கிடக்கும் விதைகள் முளைத்துவிடும். தீயே வராவிட்டாலோ, ஓக் புதர்கள் அடர்ந்து, செடிக்கு வேண்டிய வெற்று மணல் திட்டுகளை மூடிவிடுகின்றன. செடியின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்குகிறது. ஓயாமல் எரித்தாலும் ஆபத்து, மணலில் விதை சேரப் பொழுதிராது. நிலையத்தார் பல ஆண்டுகள் செடி செடியாக எண்ணிக் கணக்கிட்டு, 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வருவதே நல்லது என்று 2006-இல் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ரயில் பாதை ஜல்லிதான் நினைவுக்கு வந்தது. மேலே பார்க்கப் பாதை நன்றாகத்தான் இருக்கும். உள்ளே மண் அடைத்து, மழைநீர் வடியாமல் நிற்கும். அதனால் பத்தாண்டுக்கு ஒருமுறை ஜல்லி முழுவதையும் தோண்டிச் சலிக்க வேண்டும் என்று விதி. "ஓடுகிற பாதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்காத ஆளில்லை.

அங்கும் அதே கேள்விதான். முன்பு மின்னல் வைத்த தீயை இப்போது மனிதர்கள் வைக்கிறார்கள். காற்றின் திசை, ஈரப்பதம் எல்லாம் பார்த்து, சுற்றிலும் தீத்தடுப்புப் பாதை வெட்டி, துண்டு துண்டாக எரிக்கிறார்கள். நிலையத்துக்குள் இது நடக்கிறது. வெளியே, வீடுகளுக்கு நடுவே காலிமனைகளில் சிக்கிக்கொண்ட செடிகளுக்கு யார் தீ வைப்பது? புகை வந்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? அங்கெல்லாம் புதர் மூடிக்கொண்டே வருகிறது.