பழைய காரில் பாஸ் கிடார் கேட்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே, தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையடிவாரம் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கில், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளோடு, உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கழிந்த அம்பாசடர், மாருதி 800 போன்ற வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாருதி 800 கார் 1983-இல் வெளிவந்தது. அதன் உற்பத்தியும் அம்பாசடரின் உற்பத்தியும் 2014-இல் நின்றன. இத்தகைய வண்டிகளின் இன்ஜினைப் பழுதுபார்த்துப் புதிதுபோல ஓட்டுவோர்கூட, அவற்றின் ஒலியமைப்பு அக்காலத்தில் சிக்கனம் கருதிப் பொருத்தப்பட்டது என்பதையும், அதைச் சீர்செய்ய ஓர் ஒழுங்குமுறை உண்டு என்பதையும் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. பெரிய செட்டாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. பணம் வீணாவதும் இங்கேதான்.

சிறிய ஸ்பீக்கரில் எது கேட்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இப்பள்ளத்தாக்கின் இசையே நல்ல எடுத்துக்காட்டு. 1943-இல் இங்குள்ள பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையுலகுக்கு வந்த இளையராஜா, தாளத்துக்குத் துணையாக மட்டும் ஒலித்துவந்த பாஸ் கிடாருக்குத் தனிமெட்டு ஒன்றை வகுத்து, பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடவிட்டவர். நான்கு தந்தி பாஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அதாவது அதன் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். பழைய கார்களில் காணப்படும் 4 அங்குல ஸ்பீக்கரின் ஒலியோ 100 ஹெர்ட்சுக்குக் கீழே வேகமாகத் தேய்ந்துவிடும். ஆயினும் அந்தத் தந்தி அதிரும்போது 82, 123, 164 என்ற மடங்குகளிலும் ஒலி எழுவதால், மேல்மடங்குகளை மட்டும் கேட்கும் செவி, இல்லாத அடிச்சுருதியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கேட்பவருக்கு மெட்டு புரிகிறது. அதன் கனம் மட்டும் வந்து சேர்வதில்லை. ஊரே தன் இசை என்று உரிமை கொண்டாடும் பாடல்கள் அவ்வூர் வண்டிகளிலேயே பாதி கனத்தில் ஒலிப்பது வருந்தத்தக்கது.

ஸ்பீக்கர் என்பது காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருள் ஒன்றும், அச்சுருளோடு ஒட்டிய கூம்புத்தாளும் சேர்ந்த எளிய கருவி. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை எழுப்புகிறது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் ஃபோமால் ஆனதாக இருந்தால், வெயிலிலும் ஈரத்திலும் பதினைந்து இருபது ஆண்டுகளில் பொடிந்து உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் தாங்கும். ஸ்பீக்கரைக் கழற்றி, இரு கைவிரல்களாலும் கூம்பை இருபுறமும் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்கையில் உரசும் ஓசை கேட்டால், சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள். அதற்குமேல் அதை வைத்துப் பயனில்லை. புதிதாக வாங்கும்போது வாட் கணக்கைவிட முதலில் பார்க்கவேண்டியது உணர்திறன் என்னும் அளவு. ஒரு வாட் மின்திறனில் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதையே இது குறிக்கிறது. உணர்திறன் 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர், மின்திறனை இருமடங்காக்கியதற்குச் சமமான ஒலியைக் கூடுதல் மின்செலவின்றித் தந்துவிடும்.

ஆனால் நல்ல ஸ்பீக்கரையும் கெடுக்கவல்லது கார்க் கதவு. கூம்பு முன்னே தள்ளும் அதே கணத்தில் அதன் பின்புறம் காற்றை இழுப்பதால், முன்னொலியும் பின்னொலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், இவ்வளவு நீண்ட அலை கதவுத் தகட்டிலுள்ள திறப்புகள் வழியே எளிதில் சுற்றிவந்து முன்னொலியை அழித்துவிடுகிறது. ஆகவே டோர் பேடைக் கழற்றி, உள்தகட்டின் பெரிய திறப்புகளை மூடி, அதிரும் வெளித்தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பைப் பதித்து, ஸ்பீக்கரைத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வளையத்தின்மேல் இடைவெளியின்றித் திருகிவிட்டால், கதவே ஒரு பெட்டியாகி அடியொலியைக் காத்துக்கொள்ளும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, அது காந்தத்தில் இடிக்கவில்லை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும். குமுளிக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் சாரல் இறங்கும் இந்தப் பகுதியில், கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமலிருப்பது அதைவிட முக்கியம். அவை அடைபட்டால் கதவு துருப்பிடித்துவிடும். ஒரு நாள் பிடிக்கும் இவ்வேலைக்கு ஆகும் செலவு ஆம்ப்ளிஃபயர் விலையை எட்டாது. பலனோ அதனினும் பெரிது.

இணைக்கும்போது நேர், எதிர் முனைகள் மாறிவிடக்கூடாது. ஒரு கதவின் ஸ்பீக்கர் நேராகவும் மற்றது தலைகீழாகவும் இணைக்கப்பட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, நடுவில் அமர்ந்திருப்பவருக்கு அடியொலி காணாமல் போகும். ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டையின் முனைகளை, ஸ்பீக்கர் வயரின் மறுமுனையில் நேரோடு நேரும் எதிரோடு எதிரும் படும்படி நொடிப்பொழுது தொட்டால், இணைப்பு சரியாக இருக்கையில் கூம்பு வெளிப்புறம் துள்ளும். உட்புறம் இழுத்துக்கொண்டால் வயரை மாற்றவேண்டும்.

அடுத்தது மின்திறன். செட்டின் பெட்டிமேல் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பது நொடிநேர உச்சத்தைக் குறிப்பதேயன்றித் தொடர்ந்து கிடைக்கும் திறனை அன்று. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட்; அந்த மின்னழுத்தத்தை அப்படியே பயன்படுத்தும் சுற்றால் 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 26 வாட்டுக்குமேல் தெளிவாகத் தர இயலாது, நடைமுறையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். கார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 8 ஓமாக இல்லாமல் 4 ஓமாக அமைந்திருப்பதும் குறைந்த மின்னழுத்தத்தில் கூடுதல் திறன் பெறுவதற்காகவே. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் சுற்று ஒன்று இருப்பதால் அது இந்த வரம்பைக் கடக்கிறது. எனினும் ஒலி இருமடங்காகச் செவியில் படவேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு மின்திறன் தேவை என்பதால், 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குத் தாவுவதில் சத்தம் பெரிதாகக் கூடாது. உரத்த இடங்களில் ஒலி சிதையாமல் நிற்கும் என்பதே உண்மையான ஆதாயம்.

200 வாட் தரும் சாதாரண ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் 25 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். இது இரண்டு ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து எடுப்பதைப்போல் இரண்டரை மடங்கு. டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள மெல்லிய பழைய வயர் இதைத் தாங்காமல் சூடேறி உருகும். ஆகையால் பேட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியே இழுத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ளாகவே ஃபியூஸ் வைக்கவேண்டும். ஆம்ப்ளிஃபயர் அருகில் ஃபியூஸ் வைத்தால், இடையில் வயர் தேய்ந்து பாடியில் படும்போது அது வண்டியைக் காப்பாற்றாது.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால், ஆல்டர்னேட்டரின் மின்சலனம் எர்த் வழியே புகுகிறது என்பது பொருள். செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான தகட்டில் குறுகிய எர்த் கொடுத்து, பாட்டு வயரை மின்வயரிலிருந்து விலக்கி மறுபக்கமாகக் கொண்டுசென்றால் பெரும்பாலும் அது நின்றுவிடும். பழைய பெட்ரோல் அம்பாசடரில் ரேடியோ கேட்கும்போது எழும் டிக்டிக் ஓசை ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருவது. தடையுள்ள பிளக்கும் வயரும் மாட்டினால் அடங்கும்.

ரேடியோவைப் பொறுத்தவரை இப்பள்ளத்தாக்குக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை இங்கு வந்தடைகிறது. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், போடிமெட்டுச் சாலையில் மலை குறுக்கிடும் வளைவுகளில் ஒலி இரைச்சலாவது செட்டின் குறையன்று. ஆனால் சமவெளியிலேயே இரைந்தால் ஆன்டெனாவைப் பார்க்கவேண்டும். அந்த அலையின் நீளம் 3 மீட்டர் என்பதால், அதில் கால்பங்கான 75 சென்டிமீட்டர் கம்பியே அதற்குப் பொருத்தமானது. அது ஒடிந்த வண்டியில் எவ்வளவு விலையுயர்ந்த செட்டும் சரியாக எடுக்காது.

ஜீப்புக்கு வேறு வழி வேண்டும். மூடிய காரின் உள்ளறை அடியொலியைத் தானாகவே கூட்டித் தரும். படுதா போட்ட ஜீப்பில் அந்த உதவி இல்லாததால், பின்னொலியை அடைத்த தனிப் பெட்டியில் ஸ்பீக்கரை வைப்பதே பலன் தரும். சப்வூஃபர் அங்கு பெரும்பாலும் வீண்செலவு.

சுருங்கிய பணத்தில் தொடங்குவோர் ஸ்பீக்கரையும் கதவையும் முதலில் சரிசெய்து, வயரையும் எர்த்தையும் அடுத்துப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரை அதன்பிறகு சேர்த்து, செட்டை மாற்றுவதைக் கடைசிக்கு விடுவதே நல்லது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைச்சாலைகளில் மேலேறி வரும் வண்டிக்கே வழிவிடவேண்டும் என்பது விதி என்பதால், கொண்டைஊசி வளைவுகளில் எதிர்வரும் ஹாரன் காதில் விழும் அளவுக்குப் பாட்டைக் குறைத்து ஓட்டவேண்டும் என்பது இந்த மலையேறும் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் விடுக்கவேண்டிய வேண்டுகோள்.