அன்றாட உணவில் முளைப் பயறு

திருவனந்தபுரத்து இல்லங்களுக்குப் பயறு புதிய உணவன்று. காலையில் புட்டுடன் செறுபயறும், இரவில் கஞ்சியுடன் வன்பயறும் உண்பது அங்கு நெடுநாளைய வழக்கமாகும். முன்னது தமிழகத்தில் பாசிப்பயறு என்றும், பின்னது காராமணி என்றும் வழங்கும். இவற்றை முளைக்கவிட்டுச் சமைத்தால், செலவு ஏறக்குறைய அதே அளவில் இருக்க, உணவின் தரம் உயரும்.

விதையினுள் நிகழும் மாறுதல்

உலர்ந்த பயறு நீரை உறிஞ்சியதும் அதிலுள்ள நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. மாப்பொருளும் புரதமும் ஓரளவு எளிய பொருள்களாகப் பிரிகின்றன. வயிற்றுப் பொருமலை விளைவிக்கும் சில சர்க்கரைகள் குறைகின்றன. இரும்புச் சத்தைப் பிணைத்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைகிறது. உலர்ந்த பயற்றில் அநேகமாக இல்லாத வைட்டமின் ‘சி’ புதிதாக உண்டாகிறது.

முளைப்பதால் புரதம் பன்மடங்கு பெருகும் என்று கூறப்படுவது சரியன்று. 100 கிராம் உலர்ந்த பாசிப்பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. முளைத்தபின் எடை இரு மடங்குக்கு மேலாவது நீரினாலேயே. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் முளையில் புரதம் குறைவேயாகும்.

பஞ்சகாலத்துச் சான்று

முதல் உலகப் போர்க் காலத்தில், லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக் முதலியோர், முளைத்த பருப்பு வகைகள் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்பதைச் சோதனை வாயிலாக நிறுவினர். 1940ஆம் ஆண்டையொட்டி, அக்காலப் பஞ்சாபைச் சேர்ந்த ஹிஸ்ஸார் மாவட்டத்தில் பஞ்சமும் ஸ்கர்வியும் பரவியபோது, முளைகட்டிய கடலை மக்களுக்கு வழங்கப்பட்டது. காய்கனிகள் கிடைக்காத இடத்திலும் உலர்ந்த கடலையும் சிறிது நீரும் இருந்தால் போதுமென்பதே இம்முறையின் சிறப்பு.

இன்று கேரளத்தில் கவனத்துக்குரியது இரத்தசோகையாகும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 36 பேர் இக்குறைபாடு உடையோர். முளைப் பயறு இதற்கு மருந்தாகாது. எனினும் பயற்றிலுள்ள இரும்பை உடல் ஏற்பதற்கு வைட்டமின் ‘சி’ துணைபுரிகிறது. உணவுடன் தேநீர் அருந்துவது அதனைத் தடைசெய்கிறது.

முளைக்கவிடும் முறை

பயற்றைப் பொறுக்கி, நன்கு கழுவி, குடிநீரில் எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பின்னர் அந்நீரைக் கொட்டிவிட்டு, கொதிநீரில் அலசிய தூய துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடலாம். நாளுக்கு மூன்று முறை குடிநீரில் அலசி, நீரை முற்றிலும் வடித்துவிடுதல் அவசியம். திருவனந்தபுரத்தின் வெப்பத்தில் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அரை அங்குல முளை தோன்றும். வழுவழுப்போ புளித்த வாடையோ கண்டால் எறிந்துவிட வேண்டும்.

முளைக்கு உகந்த வெப்பமும் ஈரமும் நோய்க்கிருமிகளுக்கும் உகந்தவை. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய கிருமியினால் 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர்; 50 பேருக்கு மேல் இறந்தனர். ஆதலால் முளைகளைப் பச்சையாக உண்ணாது, ஆவி பறக்க வேகவைத்து உண்பதே நன்று. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்கு இது கட்டாயம் எனலாம். வெப்பத்தால் வைட்டமின் ‘சி’ ஓரளவு குறையும். சமைத்து இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து அதனை ஈடுசெய்யலாம்.

சமையலில் சேர்க்கும் வகைகள்

புட்டுக் குழலில் தேங்காய்த் துருவலுடன் முளைப் பயற்றையும் அடுக்கடுக்காக இட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். கஞ்சி கொதிக்கும்போது, இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக முளைகளைச் சேர்க்கலாம். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்தால் தோரன் ஆகும். அரிசியுடன் அரைத்து அடையாகவும் வார்க்கலாம். கொள்ளும் கொண்டைக்கடலையும் இவ்வாறே பயன்படும். அவை வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ராஜ்மாவை மட்டும் முளைத்தபின்னும் நன்கு கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். அதன் பச்சை விதையில் நச்சுப் பொருள் உண்டு.

நால்வருள்ள இல்லத்துக்கு இரு கைப்பிடிப் பயறு ஒருவேளைக்குப் போதுமானது. மாலையில் ஊறவைத்தது மூன்றாம் நாள் காலைப் புட்டுக்குப் பக்குவமாகிவிடும்.