பி.காம். கட்டிய ஆம்ப்ளிஃபையர்

ரிச்சி தெருக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலேஜ் பிராஜக்டா சார்?" என்றார். முப்பத்தைந்து வயசில், முன்மண்டை பளபளக்க நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? "இல்லை, அப்பாவுக்கு" என்றேன். மனுஷர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்னடா? நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்பார். காது மெஷின் என்ற வார்த்தையை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். போகப் போகப் பேச்சையே குறைத்துக்கொண்டார். நாங்களும்தான். அவரை எதிரே வைத்துக்கொண்டே, அவர் இல்லாத மாதிரி பேசப் பழகிவிட்டோம். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரே ஒரு தடவை நன்றாகக் கேட்டுவிட்டால் மனசு மாறுவார் என்று தோன்றியது. ஒரு மைக், ஓர் இயர்ஃபோன், நடுவே ஓர் ஆம்ப்ளிஃபையர். நாமே கட்டினால் என்ன?

இதற்குச் சரித்திர நியாயமும் உண்டு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் என்ற இருவர் முதல் டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். மேலதிகாரிகளுக்கு அதைக் காட்டியதே, பேச்சைப் பெருக்கிக் காதில் கேட்க வைத்துத்தான். டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது 1954-ல். அதற்கு முன்பே, 1952 கடைசியில், டிரான்சிஸ்டர் வைத்த காது மெஷின் வந்துவிட்டது! காது மெஷின் செய்கிறவர்கள் ராயல்டி தர வேண்டாம் என்றும் விட்டுவிட்டார்கள். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த மரியாதைக்காக.

வாங்கியவை: பி.ஸி.547 டிரான்சிஸ்டர் இரண்டு, பட்டாணி சைஸில் கண்டென்ஸர் மைக், ரெஸிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், ஒன்பது வோல்ட் பாட்டரி, ஒரு மல்டிமீட்டர், அப்புறம் பிரெட்போர்டு. அந்தக் காலத்து ரேடியோ பைத்தியங்கள் சமையலறை ரொட்டிப் பலகையைக் கிளப்பிக்கொண்டு வந்து, அதில் வால்வுகளைத் திருகி வைத்துப் பரிசோதித்ததால் வந்த பெயர். (நம் ஊராக இருந்தால் சப்பாத்திப் பலகை, கூடவே குழவியும் பறந்து வந்திருக்கும்.) இன்றையது பிளாஸ்டிக். ஐந்தைந்து ஓட்டைகள் அடியில் தகடால் இணைந்திருக்கும். ஒயரைக் குத்தினால் தொடர்பு, பிடுங்கினால் விவாகரத்து. பற்றவைக்கிற வேலையே இல்லை. கல்லும் மண்ணும் இல்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் எங்கள் திருநின்றவூர். ஈயம் இல்லாமல் நான் ஒன்று கட்டக்கூடாதா?

டிரான்சிஸ்டர் எனக்கு பி.காம். பாஷையில்தான் புரிந்தது. அது ஒரு பாங்க் மானேஜர். பேஸ் என்ற காலில் சின்னதாக ஒரு கையெழுத்து விழுந்தால், கலெக்டர் காலில் நூறு மடங்கு, இருநூறு மடங்கு பணம் நடமாடும். பணம் மானேஜருடையது அல்ல, பாட்டரியுடையது. ஒரு சிக்கல். பேச்சு என்பது மேலும் கீழும் ஆடுகிற அலை. வரவும் உண்டு, பற்றும் உண்டு. கணக்கில் பூஜ்யம் இருந்தால் பற்று வரும்போது செக் திரும்பிவிடும். குரல் பாதி அறுந்து போகும். மைக் தருகிற சில்லறைக்கோ மானேஜர் கண்ணே திறக்க மாட்டார். அதனால் முன்கூட்டியே மினிமம் பாலன்ஸ் போட்டு வைக்க வேண்டும். பயாஸ் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். பாட்டரிக்குக் குறுக்கே 47 கே, 10 கே என இரண்டு ரெஸிஸ்டர்கள். அவை சேருமிடத்தில் ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அது பேஸுக்கு. எமிட்டரில் 1 கே, கலெக்டரில் 4.7 கே. கலெக்டர், ஒன்பதில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். மேலேயும் ஆட இடம், கீழேயும் ஆட இடம். இரண்டாவது டிரான்சிஸ்டர் சத்தத்தைக் கூட்டாது. இயர்ஃபோனை ஆட்டத் தேவையான கரெண்ட்டைக் கொடுக்கும், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் குத்தி முடித்துப் பாட்டரியை மாட்டினேன். மைக்கில் "ஹலோ" என்றேன். மயான அமைதி. தட்டினேன், ஊதினேன், கும்பிட்டேன். ஊஹும். மல்டிமீட்டரை வைத்தால் பேஸில் 0.19 வோல்ட்! டிரான்சிஸ்டர் விழிக்கவே 0.6 வேண்டுமே?

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "படத்துல இங்க ஆரஞ்சுக் கோடு போட்டிருக்கு. நீங்க சிவப்புக் கோடு வச்சிருக்கீங்க."

பார்த்தேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கே. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1 கே. டியூப்லைட் வெளிச்சத்தில் இடம் மாற்றிக் குத்தியிருக்கிறேன். பத்துப் புடவைக் கடை ஏறி இறங்கிய கண்ணுக்குத் தெரிந்தது, பாலன்ஸ் ஷீட் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை!

மாற்றினேன். காதுக்குள் ஃபேன் சுற்றுவது புயல் மாதிரி கேட்டது. அப்பாவை உட்கார வைத்து இயர்ஃபோனை மாட்டினேன். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

மனைவி கீரையிலிருந்து தலை தூக்காமல் அடிக்குரலில் சொன்னாள்: "மாமாவுக்கு எங்கங்க கேட்கப் போகுது? ராத்திரி உப்புமாதான். இப்பவே சொல்லாதீங்க, முகத்தைத் தூக்கி வச்சுக்குவார்."

"உப்புமாவா?" என்றார் அப்பா.

கீரைக்கட்டு அவள் கையிலிருந்து நழுவியது.

"பரவால்லம்மா. வெங்காயம் மட்டும் கொஞ்சம் தாராளமாப் போடு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. அப்பா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை, குக்கர் விசில், தூரத்தில் அரக்கோணம் லோக்கலின் ஹாரன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் இயர்ஃபோனைக் கழற்றி, மேஜையில் பரப்பியிருந்த ஒயர்க் காட்டைப் பார்த்தார்.

"இதைக் கழுத்துல கட்டிட்டு நான் கோயிலுக்குப் போக முடியாதுடா. அந்தக் காது டாக்டர் சனிக்கிழமை பார்ப்பாரா?"