வேறு இடத்திலிருந்து வரும் சிப்பந்தியும் அவருடைய பி.எப். கணக்கும்

கடை பெரிதாகும்போது அனுபவமுள்ள ஆள் தேவைப்படுகிறார். பக்கத்து ஊர் மண்டியில் பத்து வருடம் கணக்கு எழுதியவர், பெரிய மில்லில் குடோன் பார்த்தவர், சூப்பர் மார்க்கெட்டில் கொள்முதல் கவனித்தவர் என்று யாராவது நம்மிடம் வந்து சேருகிறார். சம்பளம் பேசுகிறோம், வாரவிடுமுறை பேசுகிறோம், தீபாவளி போனஸ்கூடப் பேசுகிறோம். அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பற்றி மட்டும் கேட்க மறந்து விடுகிறோம். கேட்டாலும், "அண்ணாச்சி, எனக்கு அதெல்லாம் வேண்டாம், பிடிக்காம கையிலே கொடுத்திடுங்க" என்று அவரே சொல்லி விடுவார். நமக்கும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாயிற்றே என்று தோன்றும். தொல்லைக்கு வித்து அந்த இடத்தில்தான் விழுகிறது.

முதலில் யாருக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டு வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டமானாலும், 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பானாலும், எண்ணிக்கை 20 தான். இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் உள்ளே வருகிறது. கடையில் 12 பேர், குடோனில் 5 பேர், கிளையில் 4 பேர் என்றால் மொத்தம் 21. தனித்தனியாக எண்ணித் தப்பிக்க இயலாது. கிளைகளும் பிரிவுகளும் ஒரே நிறுவனமாகவே கருதப்படும். காண்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களும் கணக்கில் சேருவார்கள். இருபதுக்குக் குறைவான கடைகளுக்குக் கட்டாயம் இல்லை, விரும்பினால் சேரலாம். ஆனால் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு முறை உள்ளே வந்த கடை, பிறகு ஆள் குறைந்து விட்டது என்று சொல்லி வெளியேற வழி வைக்கப்படவில்லை.

அடுத்தது சம்பள வரம்பு. 2014 செப்டம்பரில் இந்த வரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. "பதினைந்தாயிரத்துக்கு மேல் சம்பளம் என்றால் பி.எப். தேவையில்லை" என்று நம் உறுப்பினர்களில் பலர் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. இதுவரை பி.எப். கணக்கே இல்லாதவர், முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கினால்தான் இந்த விலக்கு. முன்பு வேலை பார்த்த இடத்தில் உறுப்பினராக இருந்து, அந்தக் கணக்கில் பணம் இருக்கும் வரை, அவர் உறுப்பினர்தான். நம் கடையில் அவருக்கு 22,000 கொடுத்தாலும் 40,000 கொடுத்தாலும் நாம் தொடர்ந்து கட்ட வேண்டும். அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் செல்லாது.

பழைய கணக்கை முழுவதும் முடித்துப் பணம் வாங்கி விட்டவர் வரம்புக்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தால் நிலை வேறு. 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்று முழுப் பணத்தையும் எடுத்துக் கொண்ட கணக்குப்பிள்ளையை நாம் வைத்துக் கொண்டாலும் அவருக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் "எடுத்து விட்டேன்" என்ற வாய்ச்சொல் போதாது. அதற்கான ஆதாரத்தை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டுத் தெரிந்து கொள்வதற்காகவே படிவம் 11 என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேருபவர் முன்பு வைப்பு நிதியில் உறுப்பினரா, ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரா, அவருடைய யு.ஏ.என். எண் என்ன, பழைய வேலையை விட்ட தேதி என்ன என்பதையெல்லாம் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் நாளே வாங்கி விடுங்கள். "ஆறு மாதம் ஆளைப் பார்த்து விட்டுப் பிறகு சேர்க்கலாம்" என்பது பழைய பழக்கம். சட்டம் அதை ஏற்பதில்லை. சேர்ந்த நாளிலிருந்தே உறுப்பினர்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மண்டியில் 22,000 சம்பளத்துக்கு ஒருவரைச் சேர்க்கிறார்கள், பி.எப். பிடிக்கவில்லை என்று வைத்துக் கொள்வோம். 24 மாதம் கழித்து அவரே மனக்கசப்பில் வெளியேறி ஒரு மனுக் கொடுக்கிறார். சட்டப்படி 15,000 வரைக்குக் கட்டினால் போதும் என்று எடுத்துக் கொண்டாலும், சிப்பந்தி பங்கு 12 சதவீதம் 1,800; நம் பங்கு 12 சதவீதம் 1,800; காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம் 75; நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம் 75. ஆக மாதம் 3,750 ரூபாய். 24 மாதத்துக்கு 90,000. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. மாதா மாதம் பாக்கி ஏறி வந்ததால் அது ஏறத்தாழ 10,000 ரூபாய் ஆகும். அதற்கு மேல் அபராதம். 2024 ஜூனில் இது மாதம் 1 சதவீதம் என்று குறைக்கப்பட்ட பின்னரும், அதுவும் இன்னொரு 10,000. மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

இதில் 43,200 ரூபாய் சிப்பந்தியின் பங்கு ஆயிற்றே, அவரிடம் வாங்கலாமே என்று கேட்கத் தோன்றும். வாங்க முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட பங்கைப் பிறகு வரும் சம்பளத்தில் பிடிக்க விதி இடம் தரவில்லை. எழுத்துப் பிழையாலோ தற்செயலான தவறாலோ விடுபட்டிருந்தால் மட்டும், அதிகாரியின் ஒப்புதலோடு, ஒரு விலக்கு உண்டு. தெரிந்தே விட்டது அதில் சேராது. எனவே இரண்டு பங்கும் நம் கல்லாவிலிருந்துதான் போகும். சம்பளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து "அலவன்ஸ்" என்று எழுதித் தொகையைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்லும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிகளும் சம்பளத்தில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறி விட்டது.

நாம் கட்டும் 12 சதவீதம் முழுவதும் அவருடைய வைப்பு நிதிக்குப் போவதில்லை. 8.33 சதவீதம், அதாவது 15,000க்கு 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 தான் வைப்பு நிதியில் விழுகிறது. வேலை மாறி வருபவர் பழைய இடத்தில் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவரானால் இங்கேயும் அப்படியே தொடர வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாகச் சேர்ந்தபோதே 15,000க்கு மேல் வாங்கியவரானால் அவருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. 1,800 முழுவதும் வைப்பு நிதிக்கே. 58 வயது ஆனவருக்கும் அவ்வாறே. படிவம் 11ல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு விட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டி, பத்து வருடம் கழித்து ஓய்வூதியம் கேட்கப் போன இடத்தில் சிப்பந்தி திண்டாடுவதைப் பார்க்கிறோம். பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். நான்கு வருடம் ஓரிடம், ஏழு வருடம் நம்மிடம் என்று இருப்பவருக்கு இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் அந்தப் பத்து நிரம்பும்.

நம்மிடமிருந்து ஆள் வெளியே போகும்போதும் நமக்குக் கடமை இருக்கிறது. கடைசி மாதத்தில் அவர் வேலை செய்த நாட்களுக்குரிய தொகையைக் கட்ட வேண்டும். விலகிய தேதியையும் காரணத்தையும் இணையதளத்தில் பதிய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடையில் போய்ச் சேர்ந்தவன் மீது கோபம் வருவது இயல்பு. அதற்காகத் தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பதில் பயனில்லை. கடைசித் தொகை கட்டி இரண்டு மாதம் ஆன பின் சிப்பந்தியே விலகிய தேதியைப் பதிந்து கொள்ளவும் வசதி வந்து விட்டது. அவர் தவறான தேதியைப் பதிந்தால் நம் கணக்கில்தான் குழப்பம். 2025 ஜனவரி முதல், ஆதாரோடு இணைந்த பெரும்பாலான கணக்குகளை மாற்ற முதலாளியின் ஒப்புதலும் தேவையில்லை.

முன்பணம் வாங்கி விட்டுப் போனவர் விஷயமும் இப்படித்தான். கடைக்கு அவர் 30,000 ரூபாய் தர வேண்டியிருந்தாலும் வைப்பு நிதிப் பணத்தில் நாம் கை வைக்க முடியாது. சட்டம் அந்தப் பணத்தை ஜப்தியிலிருந்தே காத்து நிற்கிறது. கடனை வசூலிக்க வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிப்பந்தியிடம் பிடித்த பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவில்லை என்றால், பிறகு வட்டியோடு கட்டினாலும் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிடித்து வைத்துக் கொண்டு கட்டாமலே இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகி, போலீஸ் வரைக்கும் போகும்.

சிப்பந்தி பழைய எண்ணை மறைத்தோ மறந்தோ விட்டால் புதிதாக இன்னொரு யு.ஏ.என். உருவாகி, ஒரே ஆளுக்கு இரண்டு எண் ஆகி விடும். யு.ஏ.என். என்பது 2014ல் வந்த 12 இலக்க எண். ஆளுக்கு ஒன்றுதான், எத்தனை கடை மாறினாலும் அதே எண். நம் பக்கத்தில் இன்னொரு தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பழைய கடைப் பதிவில் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயராகவே விரிந்து என்று மூன்று விதமாக இருக்கும். மாற்றல் மனு திரும்பி வருவதற்கு இது போதும். சேரும் அன்றே ஆதாரை வைத்துப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றையும் ஒத்துப் பார்த்து விடுவது நல்லது. வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காமல் கணக்கை மாற்றிக் கொள்ளும்படியும் அவரிடம் சொல்லலாம். ஐந்து வருடம் ஆகுமுன் எடுத்தால் வரி உண்டு. மாற்றிக் கொண்டால் பழைய இடத்து வருடங்களும் அந்த ஐந்தில் சேரும்.

2014க்கு முன் வேலை பார்த்தவர்களிடம் டி.என். என்று தொடங்கும் பழைய கணக்கு எண் எழுதிய சீட்டு ஒன்று பெட்டியில் கிடக்கும். அந்த எண்ணைக் கொண்டு படிவம் 13ல் விண்ணப்பித்து, பழைய தொகையையும் சேவையையும் இப்போதைய எண்ணுக்குக் கொண்டு வரலாம். அந்தச் சீட்டின் நகல் ஒன்றை எடுத்துப் படிவம் 11 உடன் சேர்த்துத் தைத்து வைத்து விடுங்கள்.