பாலாற்றில் பொங்கும் நுரை யாருடையது?

ஆம்பூரை அடுத்த மாராப்பட்டில் பாலாற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அதைப் பார்க்கவே சனம் கூடிவிடும். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றில் வெள்ளம் வருவது இந்தப் பக்கத்து மக்களுக்குத் திருவிழா மாதிரி. ஆனால் அந்தத் தண்ணீரோடு வெள்ளை வெளேரென்று நுரையும் பொங்கி வருகிறது. பத்திரிகையில் படம் வரும். அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போவார்கள். தோல் பதனிடும் டேனரித் தரப்பு ஊர்ச் சாக்கடையைக் கை காட்டும். ஊர் டேனரியைக் கை காட்டும். வெள்ளம் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடும்.

இந்தக் கை காட்டலுக்கு ஒரு முடிவு கட்டாமல் பாலாறு தேறாது. பாதி வேலையை இந்த மண்ணின் மக்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். மீதிப் பாதிதான் தெருவுக்கு அடியில் கிடக்கிறது.

டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அவர்களுக்காக வாதாடியவர் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனம் என்ற கணக்கும் அதில் உண்டு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்த வழக்கில்தான். நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடந்தாலும் வேலூரின் பெயர் ஒலிக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

தீர்ப்புக்குப் பயனும் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரங்களில் பல டேனரிகளின் கழிவுநீரைக் குழாய் வழியே ஒன்றாகக் கொண்டுவந்து சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இயங்குகின்றன. பின்னாளில் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியும் வந்தது. தண்ணீரைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள், மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மூட்டைகளாகக் குவிந்து நிற்கிறது.

பணம் வந்து சேர்ந்த கதை வேதனையானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. அதன் ஆணைகள் 2001-லும் 2009-லும் வந்தன. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இன்னும் தொகை கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு அப்போதே ஏறத்தாழ 34 ஆண்டு ஆகியிருந்தது. அன்று கிணறு கெட்டு நின்ற விவசாயியின் பேரன் இன்று கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான்.

இனி அந்த மீதிப் பாதிக்கு, சாக்கடைக்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. முதலில் ஊறவைக்கும் தண்ணீரிலேயே அந்த உப்பு கரைந்து வெளியேறும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய காலத்திலும் உப்பு இருந்தது; குரோம் வந்த பிறகு சிக்கல் பலமடங்கானது. வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை செய்வது நுண்ணுயிரிகள். மலத்தையும் சோற்றுக் கழிவையும் அவை தின்று தீர்க்கும். உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே டேனரித் தண்ணீர் திருட்டுத்தனமாக ஊர்க் கால்வாயில் கலந்தால், எவ்வளவு பெரிய நிலையம் கட்டினாலும் உப்பு நேராக ஆற்றுக்குப் போகும். இரண்டும் ஒரே கால்வாயில் ஓடும்வரை நுரை யாருடையது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தப்பு செய்பவருக்கு வேறென்ன வேண்டும்?

பாதாளச் சாக்கடையைச் சுகாதார வசதி என்று மட்டுமே பேசிவருகிறோம். தோல் நகரங்களில் அது சாட்சியமும் ஆகும். வீட்டுக் கழிவுநீர் தனிக் குழாயில் அடைபட்டுப் போய்விட்டால், மழைநீர்க் கால்வாயில் வெயில் நாளில் ஓடும் ஒவ்வொரு சொட்டுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வேலூரின் நிக்கல்சன் கால்வாய் மழைநீருக்கானது. இன்று அதில் ஓடுவது என்னவென்று அதன் கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆம்பூரிலும் வேலூரிலும் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டினார்கள். குழாய் புதைத்ததோடு வேலை முடிவதில்லை. வீட்டு இணைப்பும் சுத்திகரிப்பும் நடந்தால்தான் அது சாக்கடைத் திட்டம்; இல்லையென்றால் மண்ணுக்குள் புதைத்த காசு.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை பார்த்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்ற பெயரில் கட்டியதே ஆளை விழுங்கியது.

டேனரிகளை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஷூ கம்பெனிக்குக் காலையில் பஸ் ஏறும் பெண்களின் கூலியில்தான் இங்கே ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. நாங்கள் கேட்பது கணக்கு. பாலாற்றில் விழும் ஒவ்வொரு கால்வாயின் வாயிலும் மாதம் ஒரு முறை தண்ணீரைச் சோதித்து, உப்பும் குரோமியமும் எவ்வளவு என்று நகராட்சி வாசலில் எழுதிப் போடட்டும். கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பொருந்தட்டும்.

நகரங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்தக் குழாயில் சேர்ந்து எங்கே போய் விழுகிறது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.